நல்லா இருக்கேன் சார்

அந்த அறைக்குள் யாரும் இல்லை. பாண்டித்துரைக்கு அது நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அறையை உண்டாக்கியவனே அவன்தான். நூல் குடோனின் ஒரு மூலையைப் பிளைவுட் பலகையால் மறித்து, நெஞ்சு உயரத்தில் கண்ணாடி பதித்து, உள்ளே அதை ஒட்டி ஓர் இரும்புக் கட்டிலைப் போட்டு, வெளியே ‘தனிமை அறை’ என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி மாட்டிய பலகையில் பெயின்ட்கூட இன்னும் காயவில்லை. பூட்டின் சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. அப்படியிருக்க, மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து, தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, மிச்சமிருந்த அயர்ன் பெட்டியின் சீறலும் அடங்கிய பிறகு, உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

இரண்டு வறட்டு இருமல். அப்புறம் தொண்டையைச் செருமும் சின்னச் சத்தம். எதையோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டது போல.

கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான். உறை பிரிக்காத மெத்தை. அந்தப் பாலிதீன் உறையின் நடுவில் மட்டும், ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்து எழுந்த அளவுக்கு ஒரு பள்ளம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சரசரவென்று மெதுவாக மேலெழும்பிச் சமமாயிற்று. கதவிடுக்கிலிருந்து, நூல் குடோனுக்குச் சம்பந்தமே இல்லாத மல்லிகைப் பவுடர் வாசம் வந்தது.

பேயாகவே இருந்தாலும் ஐடி கார்டு இல்லாமல் உள்ளே விட்டது யார் என்று வாட்ச்மேன் ராக்கையாவைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். பயம் வந்தால் ஜோக் அடிப்பது அவன் பழக்கம். தன் கல்யாணத்தில் தாலியைக் கையில் வாங்கியபோதுகூட, “முடிச்சு ஓவர்லாக்கா ஃபிளாட்லாக்கா?” என்று தையல் பாஷையில் கேட்டு மாமனாரிடம் முறைப்பு வாங்கியவன். பெண் மட்டும் குனிந்த தலையோடு சிரித்தாள். அதுவே போதும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டான்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்க, வந்து, டெய்லராகி, தபாலில் பி.ஏ. முடித்து, இப்போது வீரபாண்டியில் ரத்தினசாமியின் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். என்ன வேலை என்று ஊரில் கேட்டால், “வெள்ளக்காரய்ங்க ஆள் அனுப்புறப்ப எங்க கம்பெனிய நல்ல கம்பெனி மாதிரி காட்டணும். மத்த நாள்ல எனக்கு வேலையில்ல” என்பான்.

எட்டு வருடம் முன்னால் அமெரிக்காவில் எவனோ தபால் உறைக்குள் வெள்ளைப் பொடியை வைத்து அனுப்ப, பிரித்தவர்களில் சிலர் செத்துப்போனார்கள். அந்தப் பயம் கப்பலேறி, கடை கடையாக இறங்கி, இந்த 2009-ல் வீரபாண்டி வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. கூடவே பன்றிக் காய்ச்சலும். இங்கிருந்து பனியன் போகிறது, அங்கிருந்து பயம் வருகிறது, இதுவும் ஒரு ஏற்றுமதி இறக்குமதிதான் என்று கேன்டீனில் சொல்லிச் சிரிக்க வைத்திருந்தான். இப்போது பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கடைக்காரர்களுக்கு ஒரு ஒத்திகை வேண்டுமாம். ஒரு பார்சல் வரும், பிரித்தால் பொடி கொட்டும், பிரித்தவரை உடனே தனிமை அறையில் வைத்துப் பூட்ட வேண்டும். அதை ஓர் ஆடிட்டர் நின்று பார்ப்பார். தீ விபத்துப் பாதுகாப்பைச் சோதிக்கப் போன மாதம் வந்த ஆடிட்டர், எந்தக் கதவும் பூட்டியிருக்கக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். இவருக்குப் பூட்டியே ஆக வேண்டும். இரண்டு பேரையும் ஒரே நாளில் வரவழைத்தால் கதவே பைத்தியம் பிடித்து ஓடிவிடும்.

“சிரிப்பெல்லாம் இருக்கட்டும் தொரை,” என்றார் ரத்தினசாமி. கோபத்திலும் குரல் உயராத மனிதர். “இது பாஸானாத்தான் கன்டெய்னர் நகரும். காய்ச்சல்னு ஒரு வார்த்தை அவுங்க காதுல விழுந்துச்சு, மொத்த ஆர்டரையும் நிறுத்திப்போடுவாங்க. நானூறு ஊட்டு அடுப்பு, பாத்துக்க கண்ணு.”

“பாத்துக்கறேன்ங்க.”

பார்த்துக்கொள்வதற்கு அவனிடம் ஓர் ஆயுதம் இருந்தது. ஆடிட்டுக்கு முந்தின வாரம் எல்லோரையும் உட்கார வைத்துக் கேள்விக்குப் பதில் பழக்குவது எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். பாண்டித்துரை அதைச் சுருக்கினான். பயந்து உளறுபவர்களுக்கு ஒரே பதில்: எவன் எதைக் கேட்டாலும் ‘நல்லா இருக்கேன் சார்.’ கேள்வி முடியுமுன் பதில் வர வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். அவன் வாழ்நாளில் உருவாக்கிய ஒரே சரக்கு அந்த மூன்று வார்த்தை. ஒரு தடவை ஒரு பெண்ணின் விரலில் மெஷின் ஊசி இறங்கி எலும்பில் நின்றது. ஓடிப்போய், “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டவனிடம், கண்ணீர் வழிய அவள் சொன்னாள்: “நல்லா இருக்கேன் சார்.” அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவனும்.

சாயங்காலம் லைன் வீட்டின் ஒற்றை அறையில், மனைவி வேல்விழி ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னாள்:

“பொடிக்கு என்ன பண்ணப் போற மாமா? மைதான்னா எறும்பு வந்துரும். என் பவுடர் டப்பாவக் கொண்டுபோ. மணமாச்சும் இருக்கும்.”

டப்பாவின் மூடியைத் திருகினாள். மல்லிகை.

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டப்பாவையே பார்த்தான்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. உன் அழகெல்லாம் டப்பாவுலதான் இருக்கா, இத்தன வருசமா என்னை ஏமாத்திட்டியே.”

கரண்டியால் அடிக்க ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்றது. இரண்டு வறட்டு இருமல். அப்புறம் தொண்டையைச் செருமினாள்.

அவளும் அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் பிசிறு வெட்டுகிறவள். பறக்கும் பஞ்சு எல்லார் தொண்டையிலும்தான் இருக்கிறது என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எல்லாரும்தான் செருமுகிறார்கள்.

நோயாளியாக யாரைப் போடுவது என்பதில் பெரிய யோசனை தேவைப்படவில்லை. வேல்விழிக்கு நடிப்பு வரும். முதலாளியின் நடையை, அவர் வேட்டி நுனியைப் பிடிக்கும் விதத்தோடு நடித்துக் காட்டினால், அவர் எதிரே வந்தால்கூடக் குழம்பிப் போவார். ஒத்திகைக்கு முன்னோட்டம் பார்த்த அன்று பார்சலைப் பிரித்து, பொடியைக் கண்டு அலறி, மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் துடித்த துடிப்பில் கட்டிங் மாஸ்டர் உண்மையாகவே ஓடிவிட்டார். நர்ஸ் வேஷம் பேக்கிங் அனுசுயாவுக்கு. வெள்ளைக் கோட்டு மாட்டினால் யாரும் நர்ஸ்தான். அறையின் உள்ளேயும் வெளியேயும் பேச, பொத்தானை அமுக்கும் ஒரு பேசும் பெட்டி மாட்டியிருந்தான். கரண்ட் இருந்தால் சின்னச் சிவப்பு விளக்கு எரியும்.

“ஆடிட்டர் இதுல உன்னைக் கேப்பாரு. நெசமாவே ஒடம்பு சரியில்லாத ஆளுன்னு சந்தேகம் வந்துரக் கூடாது. எப்படி இருக்கீங்கன்னா?”

“நல்லா இருக்கேன் சார்.”

“மூச்சு விட முடியுதா?”

“நல்லா இருக்கேன் சார்.”

“உன் புருசன் எப்படி?”

“அது ஒண்ணுதான் சார் மோசம்.”

பெட்டிக்குள்ளிருந்து அவள் சிரிப்பு கரகரவென்று வந்தது. அது அடங்கிய பிறகும் இன்னொரு சிரிப்பு, ஒரு நொடி தாமதமாக, அதே குரலில் வந்து நின்றது. மட்டமான பெட்டி. எதிரொலி. அப்படித்தான் நினைத்துக்கொண்டான்.

ஆடிட் நாளுக்கு முந்தின இரவே அவளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. விடியக்காலையில் நெற்றியில் கை வைத்தபோது, அயர்ன் பண்ணி அடுக்கிய பனியன் கட்டைத் தொட்டது போல இருந்தது. உதடு காய்ந்து, கண் ஓரங்கள் சிவந்து, பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சுக்கு நின்றாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம் விழி. நான் வேற ஆளப் போட்டுக்கறேன்.”

“யாரப் போடுவ? அவளுக ஒளறிப்புடுவாளுக.” நின்றாள். “அதுபோக, இன்னைக்கு இருமுற ஆளையெல்லாம் லீவுல அனுப்புறீகல்ல? என்னையும் அனுப்புவ. வீட்ல தனியாக் கெடக்கணும்.” நின்றாள். “அங்கன்னா கட்டில், ஃபேன். சம்பளத்தோட தூக்கம். இருமுனாலும் நடிக்கிறேன்னு நெனச்சுக்குவாய்ங்க. முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரி போலாம் மாமா.”

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்சனை. அன்றைக்கு அந்தக் கம்பெனியில் இரும அனுமதி உள்ள ஒரே ஆள் அவள்தான். உண்மையான காய்ச்சலை ஒளித்துவைக்க, பொய்க் காய்ச்சலைவிட நல்ல இடம் எது? நானூறு வீட்டு அடுப்பு என்ற சொல் அவன் தலைக்குள் ஒரு தடவை எரிந்து அணைந்தது.

“ஒண்ணு பண்ணு. ரொம்ப முடியலைன்னா கண்ணாடியத் தட்டு. நான் பக்கத்துலயே நிப்பேன். ஆர்டரும் மண்ணாங்கட்டியும், திறந்துருவேன்.”

“ஆகட்டும் சார்,” என்று சிரித்தாள். இரண்டு இருமல். செருமல்.

ஆடிட்டர் பெங்களூர்க்காரர். பரீட்சைத் தாள் திருத்தும் வாத்தியாரின் முகம், ஆனால் தமிழ் தெரிந்தவர். பார்சல் வந்தது. வேல்விழி பிரித்தாள். பொடி கொட்டி மல்லிகை வாசம் செக்கிங் மேஜைகளெல்லாம் பரவியது. முன்னோட்டத்தில் அலறியவள் இன்று அலறவில்லை. கையிலிருந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

“வெரி நேச்சுரல்,” என்றார் ஆடிட்டர்.

வெள்ளைக் கோட்டில் அனுசுயா அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ப் படுக்க வைத்து, கம்பெனியிலேயே வெட்டுத்துணியில் தைத்த வெள்ளை மாஸ்க்கைக் கட்டிவிட்டு வெளியே வந்தாள். ராக்கையா பூட்டினார். சாவி வாட்ச்மேனிடம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அனுசுயா பாண்டித்துரையின் காதருகே வந்தாள்.

“சார், அக்காவுக்கு உடம்பு கொதிக்குது சார். நிஜமாவே.”

“தெரியும். கொஞ்ச நேரம். முடிஞ்சுரும்.”

அந்தப் பெண் அவனைப் பார்த்த பார்வையை அவன் பார்க்காததுபோல் இருந்துகொண்டான்.

கண்ணாடிக்குப் பின்னால் வேல்விழி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பாலிதீன் உறையைப் பிரிக்க மறந்திருந்தார்கள். அவள் அசையும்போதெல்லாம் சரசரத்தது. மாஸ்க்கின் துணி மூச்சை இழுக்கும்போது குழிந்து, விடும்போது புடைத்தது. குழிந்தது, புடைத்தது. மூக்குக்கு நேரே ஈரத்தில் ஒரு வட்டம் நனைந்து கறுத்திருந்தது. தூரத்தில் சாயப்பட்டறையின் புளித்த நெடி, வெளியே டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம், முதுகுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான மெஷின்களின் படபடப்பு. அத்தனைக்கும் நடுவில் அவன் காது அந்தத் துணியின் சத்தத்தை மட்டும் தேடியது.

ஆடிட்டர் பொத்தானை அமுக்கினார். “எப்படிம்மா இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் சார்.”

“மூச்சு விடக் கஷ்டமா இருக்கா?”

“நல்லா இருக்கேன் சார்.”

சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, ரத்தினசாமியிடம் பூட்டைப் பற்றி, கதவைப் பற்றி, ஆம்புலன்ஸ் வரும் வழியைப் பற்றி நிதானமாகக் கேட்டுக்கொண்டே நின்றார். எதற்கும் அவசரமில்லாத மனிதர். மாஸ்க் வேகமாகக் குழிந்தது. வேகமாகப் புடைத்தது. விலா ஏறி இறங்கியது. விரல்களின் நுனி நீலத்தில் முக்கி எடுத்தாற்போல் இருந்தது. சாயம் என்று நினைத்தான். அவள் செக்கிங். சாயத்தைத் தொடுவதில்லை.

டக்.

வேல்விழி கையை நீட்டி, கண்ணாடியைத் தட்டியிருந்தாள்.

டக். டக்.

பாண்டித்துரையின் கால் ஓர் அடி முன்னால் போயிற்று. ரத்தினசாமி திரும்பிப் பார்த்தார். கண்ணால் கும்பிட்டார். அவ்வளவுதான்.

பொத்தானை அமுக்கினான். “விழி. எப்படி இருக்கே? திறக்கச் சொல்லட்டா?”

கேள்வி முடியவில்லை. பதில் வந்துவிட்டது.

“நல்லா இருக்கேன் சார்.”

தெளிவான குரல். இருமல் இல்லை. இடையில் மூச்சுக்கு நிற்கவில்லை. காலையில் பேசியவளைவிட நன்றாகவே பேசினாள். அவள்தான் சொல்கிறாளே, என்று அவன் மனம் அவசர அவசரமாக அந்த மூன்று வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. தட்டியதும் நடிப்புத்தான். அவளுக்குத்தான் நடிப்பு வருமே.

கண்ணாடியில் இருந்த கை மெதுவாக வழுக்கி இறங்கியது. ஐந்து விரல் தடம், வெள்ளைப் பவுடரில்.

“அந்தத் தட்டல் அருமை,” என்று சொல்லிக்கொண்டே ஆடிட்டர் காரை நோக்கி நடந்தார். பாஸ். ரத்தினசாமி பின்னாலேயே ஓடினார். ராக்கையா சல்யூட் அடிக்க கேட்டுக்குப் போய்விட்டார், சாவியோடு.

“ராக்கையா! சாவி!”

கரண்ட் போயிற்று.

நூற்றுக்கணக்கான மெஷின்கள் ஒரே மூச்சில் நின்றன. ஃபேன் இறக்கைகள் தளர்ந்து தளர்ந்து ஓய்ந்தன. மத்தியான வெயில் தகரக் கூரையில் டிக் டிக்கென்று வெடித்தது. மல்லிகை வாசம். பேசும் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

கண்ணாடியில் முகத்தை அழுத்தினான். கட்டிலில் வேல்விழி. மாஸ்க்.

குழியட்டும் என்று காத்திருந்தான்.

குழியவில்லை.

“விழி?”

பொத்தானை அவன் தொடவே இல்லை.

“நல்லா இருக்கேன் சார்.”

பெட்டியிலிருந்து வந்தது. விளக்கு எரியாத பெட்டியிலிருந்து. மாஸ்க்கின் துணி அசையவில்லை. நடுவிலிருந்த ஈர வட்டம் ஓரங்களிலிருந்து வெளுத்து, சிறுத்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியைக் கையால் உடைத்தானா, ராக்கையா வந்து திறந்தாரா, பிறகு யோசித்தால் அவனுக்கே நினைவில்லை. கையில் ரத்தம் இருந்தது. கதவு திறந்திருந்தது. அவளைத் தூக்கியபோது பாலிதீன் அவள் முதுகோடு ஒட்டி வந்து, பிரிந்தது. நெற்றி இன்னும் சுட்டது. கை சுடவில்லை. அனுசுயா வெள்ளைக் கோட்டோடு நெஞ்சை அமுக்கினாள், சினிமாவில் பார்த்ததுபோல, எண்ணிக்கை தெரியாமல், அழுதுகொண்டே. பிறகு நிறுத்தினாள்.

வாசலில் கூட்டம். எல்லோர் முகத்திலும் அதே வெட்டுத்துணி மாஸ்க். ஒருவரும் உள்ளே வரவில்லை. வர வேண்டாம் என்று அவர்களுக்குப் பழக்கியவனும் அவன்தான். திரும்பி வந்த ரத்தினசாமி கூட்டத்தை விலக்கி, நிலைப்படியில் நின்று, மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். “தொரை... கண்ணு... ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டமுங்க...” என்றார். அவனுக்கு முதல் தடவையாக அவர் ‘ங்க’ போட்டார்.

பாண்டித்துரை தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். ஒரு ஜோக் சொல்ல வேண்டும் போலிருந்தது. சிரித்துவிடுவாள். எப்போதும் அவள்தான் முதலில் சிரிப்பாள். ஒன்றும் வரவில்லை. இத்தனை வருடத்தில் முதல் முறையாக.

“விழி, எந்திரி. ஆஸ்பத்திரி போகணும்னு சொன்னல்ல.”

“நல்லா இருக்கேன் சார்.”

வாசலில் நின்றவர்கள் பின்வாங்கும் செருப்புச் சத்தம். அவர்களுக்கும் கேட்டது.

சுவரிலிருந்த பெட்டியை எட்டிப் பிடுங்கினான். வயர் அறுந்து, பெட்டி தரையில் விழுந்து உடைந்தது. உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர், கொஞ்சம் பஞ்சு, வேறொன்றும் இல்லை.

“ஒடம்பு எப்படிடா இருக்கு?”

“நல்லா இருக்கேன் சார்.”

இந்தத் தடவை பெட்டியிலிருந்து அல்ல. மடியிலிருந்து. மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து. அவன் மாஸ்க்கை இறக்கினான். உதடுகள் ஒட்டி, காய்ந்து, மூடியிருந்தன. ஓரத்தில் பவுடர்.

“சார் இல்ல விழி. நான். மாமா. மாமான்னு ஒரு தடவ கூப்பிடு.”

“நல்லா இருக்கேன் சார்.”

“முடியலன்னு சொல்லு. மூச்சு முட்டுதுன்னு சொல்லு. என்னைத் திட்டு. தட்டினேனே, ஏன் திறக்கலன்னு கேளு.”

“நல்லா இருக்கேன் சார்.”

தூரத்தில் பல்லடம் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம். வாசல் காலியாகிவிட்டது. அவன் கேட்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இந்தக் குரலும் போய்விடும். பதில் வரும் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போவதை அவன் கவனித்தான். கேள்வி முடியுமுன் வந்த பதில் இப்போது கேள்வி முடிந்து, தகரக் கூரை ஒரு தடவை வெடித்து, அதற்குப் பிறகுதான் வந்தது. குனிந்து, மல்லிகை மணக்கும் அந்த மூடிய வாயோடு காதை ஒட்டவைத்துக்கொண்டு, மறுபடியும் கேட்டான்.

“எப்படிம்மா இருக்கே?”

காத்திருந்தான்.

உதடு அசையவில்லை. நெஞ்சு அசையவில்லை. தொண்டைக்குள் மட்டும், எங்கேயோ ஆழத்தில், எதையோ சொல்ல வந்து வேண்டாம் என்று விட்டுவிட்டது போல, யாரோ ஒரு தடவை செருமினார்கள்.